அமெரிக்காவுக்கு ஒரு மெமோ

உக்காரும்மா, தாராளமா உக்காரு. பையை மேல வைக்காத. வழியில ஒரு பள்ளம் இருக்கு, வண்டி குதிக்கும்போது தலையில விழும். நான் பாத்திருக்கேன், நாலு தையல். மடியிலயே வச்சுக்கோ. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். சன்னலோரம் மட்டும் கேக்காத.

போன் அடிக்கது கேக்குது. எனக்குக் காது நல்லாக் கேக்கும். பேச்சிதான், அமெரிக்காவுல இருந்து. எடுக்க மாட்டேன். எடுத்தா புத்தி சொல்லுவா. சர்டிபிகேட் எடுத்தீங்களா, தண்ணி குடிச்சீங்களா, கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு. யாரு? எனக்கு!

டீச்சரான்னு கேக்கே? எல்லாரும் அதத்தான் கேக்காவ. டீச்சர் இல்ல, மேட்ரன். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில நர்சுமாருக்கெல்லாம் தலைவி. ரிட்டயராகி எட்டு வருசம் ஆச்சு. சுகிர்தம் மேட்ரன்னு எங்க பக்கம் கேட்டுப்பாரு, இப்பவும் ரெண்டு மூணு பேரு பதறி எந்திச்சு நிப்பாவ.

இந்தப் பேச்சி எங்கிட்டப் படிச்சவ. பேச்சியம்மாள். எனக்கு அவளப் பிடிக்காது. அத முதல்லயே சொல்லிடுதேன், பின்னால குழப்பம் வரக்கூடாது. அவ அப்பா சுடலைமுத்து அண்ணாச்சி. எங்க ஹாஸ்டல் வாசல்லதான் இஸ்திரி வண்டி போட்டிருந்தாரு. எங்க யூனிபார்ம் மடிப்பெல்லாம் அவரு கை. தங்கமான மனுசன். அவருக்கு இப்படி ஒரு பிள்ள. வார்டுல சிரிப்பா. நோயாளியையும் சேத்துச் சிரிக்க வைப்பா. ஒருத்தி ஆபரேசன் பண்ணுன வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா, தையல் பிரிஞ்சுருமோன்னு நான் ஓடுதேன். டாக்டர்மாரு கிட்ட எதுத்துப் பேசுவா. மூணு வருசத்துல நான் அவள வெளிய நிக்க வச்ச நேரத்தக் கூட்டுனா ஒரு மழைக்காலம் வரும். வேலை நல்லாச் செய்வா, அது வேற விசயம். இப்பவும் எங்க ஆஸ்பத்திரியில கைக்குழந்தைக்கு ஊசி போட நரம்பு கெடைக்கலன்னா, "பேச்சி இருந்தா"ம்பாளுக. எனக்கு எரியும்.

அவ அமெரிக்காவுக்குப் போயி எத்தனையோ வருசமாச்சு. கிறிஸ்மசுக்கு ஒரு வாழ்த்து வரும், அவ்வளவுதான். போன ஐப்பசியில திடுதிப்புன்னு போன்.

"மேடம், பேச்சி பேசுதேன்."

"எந்தப் பேச்சி?"ன்னேன். குரலக் கேட்டதுமே தெரிஞ்சுட்டு. ஆனா உடனே தெரிஞ்ச மாதிரி காட்டக் கூடாதுல்லா.

விசயம் என்னன்னா, அங்க நர்சாவே இருந்துக்கிட்டு டாக்டர் பட்டம் வாங்கலாமாம். அதுக்குன்னு ஒரு படிப்பு. முடிச்சா நோயாளியத் தனியாப் பாக்கலாம், மருந்து எழுதிக் குடுக்கலாம்.

"அப்ப நீ நர்சா, டாக்டரா?"ன்னு கேட்டேன்.

"நர்சுதான் மேடம். டாக்டர் பட்டம் வாங்குன நர்சு."

"அப்ப டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எந்திச்சு நிக்கது யாரு?"

"இங்க யாரும் எந்திச்சு நிக்கதில்ல மேடம்"னா. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல.

அவ இருக்கது ஒரு சின்ன ஊரு. சுத்தி மக்காச்சோளக் காடுதானாம். ஊருக்கு இருந்த ஒரே டாக்டரும் கிளினிக்கப் பூட்டிட்டுப் பெரிய ஊருக்குப் போயிட்டாரு. ஒரு கிழவனுக்கு மூச்சு முட்டுனாலும் ரெண்டு மணி நேரம் கார்ல போகணும். அதுல ஒருத்தரு வழியிலயே முடிஞ்சு போனாராம். இவ வீட்டுக்கு எதுத்த வீடு. அன்னைக்கு முடிவு பண்ணியிருக்கா, அந்தக் கிளினிக்க நான் திறப்பேன்னு. நாப்பது வயசு ஆயிட்டு. எப்பப் பாத்தாலும் இப்படித்தான், அவ வேலை இல்லாத வேலைய இழுத்துப் போட்டுக்கிடுவா.

அதுக்கு ஆறு காலேஜுக்கு எழுதிப் போடுதாளாம். ஒவ்வொண்ணுக்கும் மூணு பேரு சிபாரிசு எழுதணுமாம்.

"சிபாரிசா? என் சர்வீஸ்ல சிபாரிசுங்கிற பேச்சே கெடையாது. போன வை"ன்னேன்.

"அந்தச் சிபாரிசு இல்ல மேடம். என்னப் பத்தி உள்ளத உள்ளபடி எழுதுனாப் போதும்."

"உள்ளத எழுதுனா உனக்கு எடம் கெடைக்காதே."

"பரவாயில்ல மேடம். நீங்கதான் பொய் சொல்ல மாட்டீங்க."

என்ன திமிரு பாத்தியா? சரின்னுட்டேன்.

காலேஜுல இருந்தெல்லாம் எனக்கு மெயில் வந்துச்சு. தொட்டா ஒரு பாரம் திறக்கு. நீங்க பயிற்சி குடுத்த பிள்ளைகள்ல இவளுக்கு எந்த எடம்? நூத்துல ஒருத்தியா, பத்துல ஒருத்தியா, நாலுல ஒருத்தியா? யோசிச்சேன். நூத்துல ஒருத்தின்னு போட்டா தலைக்கனம் வரும். நீங்க எழுதுறத நான் பாக்க முடியாது மேடம்னு பேச்சி சொல்லியிருந்தா, இருந்தாலும் இவளுக்கு எப்படியும் மோப்பம் பிடிச்சுரும். பத்துல ஒருத்தின்னு போட்டேன்.

அடுத்தது, இவளிடம் உள்ள குறைகள் யாவை? அப்பாடான்னு இருந்துச்சு. உக்காந்து எழுதுனேன். வார்டுல சிரிப்பு. கீழ்ப்படியாமை. ஒரு பெரிய சர்ஜன் எழுதுன ஊசிய, அந்த நோயாளிக்கு ஆகாதுன்னு சொல்லிப் போட மறுத்தது. அவரு தூக்கி எறிஞ்ச மருந்துச் சீட்டுக் கட்ட தரையில இருந்து எடுத்து, அவரு கையிலயே திரும்பக் குடுத்தது. அந்த நோயாளி இன்னைக்கும் உயிரோட பேரனத் தூக்கிக்கிட்டுத் திரியுதா, அது வேற விசயம். தன் சாப்பாட்ட நோயாளிக்குக் குடுத்துட்டு, மத்தியானம் வார்டுல மயங்கி விழுந்தது. கட்டம் நெறைய எழுதுனேன். எடம் பத்தல. இடைஞ்சலா இருந்துச்சு.

அஞ்சு காலேஜுக்கு அனுப்பியாச்சு. ஆறாவது காலேஜு என் போன் நம்பர ஏத்துக்கிட மாட்டேங்குது. தப்பு, தப்புன்னு செவப்புல காட்டுது. என் நம்பர் தப்பாம்! அவுங்க ஊரு நம்பர் மாதிரி ஏதாவது போட்டுருங்க மேடம்னா பேச்சி. பொய் நம்பர் நான் போட மாட்டேன்னேன். அந்தக் காலேஜுக்கு என் லெட்டர் போகல. அத நெனப்புல வச்சுக்கோ.

தை முடிஞ்சதும் பதில் வர ஆரம்பிச்சுது. முதல் பதில் வந்த அன்னைக்குப் போன் பண்ணுனா. "இல்லன்னுட்டாங்க மேடம்"னா. அப்புறம் மூக்கு உறிஞ்சுற சத்தம். அழுதா எனக்கு என்ன செய்யன்னு தெரியாதும்மா. ரத்தம்னா தெரியும்.

"ஏட்டி, மூஞ்சியக் கழுவு. பல்ஸ் பாரு"ன்னேன்.

"மேடம்?"

"பல்ஸ் பாரு. நான் நிமிசம் சொல்லுதேன்."

பாத்தா. கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. ரெண்டு தம்ளர் தண்ணி குடிக்கச் சொன்னேன். வீட்டுல அழுக்குத் துணி இருந்தா எடுத்துக் கையால துவைன்னேன். மிசின் இருக்கு மேடம்னா. கையாலன்னேன். திரும்பவும் பல்ஸ் பாத்தா, எறங்கிட்டு. வைத்தியம் அவ்வளவுதான்.

ரெண்டாவது காலேஜும் இல்லன்னுட்டான். அந்த மெயில எனக்கே அனுப்பியிருந்தா. அன்னைக்குன்னு பாத்து சுடலைமுத்து அண்ணாச்சி வந்திருந்தாரு. வண்டிய விட்டுட்டாரு, ஆனா ஞாயித்துக்கிழமை என் கோயில் சேலைய மட்டும் அவரேதான் தேச்சுக் கொண்டாருவாரு. எண்பதைத் தொட்டுட்டாரு, சொன்னாக் கேக்க மாட்டாரு. பிள்ளைக்கு என்ன பதில்னு கேட்டாரு. தமிழ்ல படிச்சுச் சொன்னேன். அங்க அப்பா பேரத்தான குடும்பப் பேரா வச்சிருக்கா? "அன்புள்ள சுடலைமுத்து அவர்களே, உங்களுக்கு இந்த ஆண்டு இடமளிக்க இயலாததற்கு வருந்துகிறோம்."

மனுசன் பதறிட்டாரு. "நான் எதுவும் கேக்கலியே மேட்ரம்மா!"

உங்களுக்கு இல்ல, பிள்ளைக்குன்னு விளக்குனேன். "பின்ன ஏன் எம் பேரச் சொல்லுதான்? பேரு சரியில்லன்னு சொல்லுதானோ? மாத்திக்கிடச் சொல்லவா?"ங்காரு. அவரச் சமாதானப்படுத்தவே எனக்குச் சாயந்திரம் ஆயிட்டு.

மூணாவது பதில் வரும்போது அவ டூட்டில இருந்திருக்கா. நேரா லினன் ரூமுக்கு, அதான் படுக்கைத் துணி அடுக்குற ரூமுக்குப் போயி அழுதிருக்கா. எனக்கு வந்துச்சே கோவம்! எங்க ஆஸ்பத்திரியில லினன் ரூம்ல அழக் கூடாதுன்னு சட்டம் போட்டவளே நான்தான். எல்லாரும் அங்கதான் போயி அழுவாளுக. தலகாணி உறையெல்லாம் ஈரமாயிரும். ஆனா அவ சொன்னா, "நான் அதுக்கு லாயக்கில்ல போல மேடம். விட்டுரலாம்னு இருக்கு."

லாயக்கில்லன்னு யாரு சொல்லணும்? நான் சொல்லணும். மூணு வருசம் சொன்னேன். அவன் எவன் சொல்லதுக்கு? அவன் இவளப் பாத்திருக்கானா? இவ கையால ஊசி போட்டிருக்கானா? எனக்குப் பிடிக்காது, அது எனக்கும் அவளுக்கும். ஊரான் என்ன சொல்லது?

போன வச்சுட்டு, மூணு காலேஜுக்கும் மெமோ போட்டேன்.

மெமோன்னா தெரியும்லா? நர்சு தப்புப் பண்ணுனா நாங்க குடுப்போம். "இந்த மெமோ கிடைத்த மூன்று நாட்களுக்குள், தங்கள் முடிவுக்கான காரணத்தை எழுத்து மூலம் விளக்க வேண்டும். தவறினால், தங்கள் தரப்பில் சொல்ல எதுவும் இல்லை எனக் கருதப்படும்." இங்கிலீஷ்லதான். கீழ, சுகிர்தம், மேட்ரன். ஓய்வுன்னு அடைப்புல போடல. எதுக்குத் தேவையில்லாம?

ரெண்டு காலேஜுல இருந்து அடுத்த நிமிசமே பதில் வந்துட்டும்மா! "தங்கள் கடிதம் எங்களுக்கு மிகவும் முக்கியம். விரைவில் தொடர்பு கொள்வோம்"னு. எவ்வளவு மரியாதை பாத்தியா? நான் கண்ணாடியத் தேடிப் போடுறதுக்குள்ள வந்துட்டு. மிசின் அனுப்புறது மேடம்னு அப்புறம் பேச்சி சொல்லுதா. மிசினுக்கு இருக்கிற மரியாத மனுசனுக்கு இல்லன்னேன். மூணாவது ஆளு நோ ரிப்ளைன்னு பேரு வச்சிருக்கான். பேருக்கேத்த மாதிரி பதிலே இல்ல.

பதில் சொல்லாத மத்த காலேஜுல ஒண்ணுக்கும் ஒரு மெமோ போட்டு வச்சேன், முன்கூட்டியே. நீங்களும் அந்த மாதிரி செஞ்சுராதீங்கன்னு. அங்க டீன் ஒரு அம்மா, பேரு டாக்டர் ரூத். பைபிள்ல உள்ள பேரு, அதனால கொஞ்சம் தன்மையாவே எழுதுனேன்.

நாலு நாள் கழிச்சு பேச்சி போன்ல கத்துதா. "மேடம், நீங்க எங்கயாவது மெயில் போட்டீங்களா?"

"நான் பாட்டுக்கு நாலு எடத்துக்குப் போடுவேன். உனக்கென்ன?"

"டீன் எனக்குப் போன் பண்ணிட்டாங்க மேடம்! அவங்க உங்ககிட்டப் பேசணுமாம், வீடியோவுல. என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? இதுவும் போச்சு."

அவளும் நானும் சண்டை போட்டோம். அப்புறம் அவளே, எத்தனை மணிக்கு, போன எங்க சாய்ச்சு வைக்கணும், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வரணும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தா.

பெட்டியத் திறந்து வெள்ள யூனிபார்ம எடுத்தேன். அண்ணாச்சி வந்து கஞ்சி போட்டுத் தேச்சுக் குடுத்தாரு. தொப்பி, பேட்ஜு, எல்லாம் மாட்டிக்கிட்டேன். போன சாப்பாட்டு மேசையில எண்ணெய் டப்பா மேல சாய்ச்சு வச்சுட்டு உக்காந்தேன். டாண்ணு நேரத்துக்கு அந்தம்மா வந்தாவ. நரைச்ச தல, கண்ணாடி. டாக்டராச்சே? நான் எந்திச்சு நின்னுட்டேன். உடம்புல ஊறிப்போன பழக்கம். நான் நின்னதப் பாத்து அவியளும் எந்திச்சு நின்னுட்டாவ. அவியளும் ஆதியில நர்சுதானாம், மேட்ரனக் கண்டா நிக்கணும்னு அவியளுக்கும் ஊறியிருக்கு. அவிய உக்காரட்டும்னு நான் நிக்கேன். நான் உக்காரட்டும்னு அவிய நிக்காவ. போன்ல அவிய பெல்ட்டு எனக்குத் தெரியுது, என் பெல்ட்டு அவியளுக்குத் தெரியுது. மூஞ்சி ரெண்டு பேருக்கும் தெரியல. அப்படியே நின்னுக்கிட்டுத்தாம்மா பேசி முடிச்சோம். நல்ல அம்மா.

கடைசியா ஒண்ணு கேட்டாவ. "உங்களுக்கு உடம்புக்கு முடியலன்னா, இந்தப் பொண்ணு உங்களப் பாத்துக்கிட ஒத்துக்கிடுவீங்களா?"

"ஏற்கெனவே பாத்தா. நான் கேக்கல"ன்னேன். உள்ளதத்தான சொல்லணும்? எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப நடந்தது. என் வார்டுக்குப் பேச்சியப் போடாதீங்கன்னு நானே சொல்லியிருந்தேன். அவ இன்னொருத்தி கிட்டப் பேசி டூட்டிய மாத்திக்கிட்டு வந்துட்டா. எனக்குன்னு யாரும் கிடையாது, தெரியும்லா, கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கிடல. மறுநாளே என்னப் பிடிச்சு எழுப்பிட்டா. வலிக்குன்னேன். "வலிக்கும். நடங்க"ன்னா. அது நான் வகுப்புல சொல்லிக் குடுத்த வரி. எனக்கே சொல்லுதா! வராந்தாவோட அந்தக் கோடி வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போயி, திரும்பக் கூட்டிட்டு வந்தா. ஈவு இரக்கமே இல்லாதவன்னு டீன் கிட்டச் சொன்னேன். அந்தம்மா மூக்குக் கண்ணாடியக் கழட்டித் துடைச்ச மாதிரி இருந்துச்சு. பெல்ட்டுதான தெரியுது, கண்ணாடியத் துணியில துடைக்கிற கை மட்டும் தெரிஞ்சுது.

முடிவு என்னன்னு கேக்கே? வெயிட்டிங் லிஸ்ட். ரயில் மாதிரி. யாராவது ஒருத்தி வேண்டாம்னா இவளுக்கு. நாலாவதா எழுதின காலேஜும் அதுக்குள்ள இல்லன்னுட்டுது. மிச்சம் ஒண்ணே ஒண்ணு. என் லெட்டர் போகாத காலேஜு.

அவன் எடுத்துட்டாம்மா!

பேச்சி சந்தோசத்துல கத்துதா. பின்னால யாரோ கை தட்டுதாவ. என் லெட்டருக்குப் பதிலா அவ வார்டு இன்சார்ஜ் கிட்ட வாங்கிப் போட்டிருக்கா. நான் கேட்டேன், "ஏட்டி, என் லெட்டரப் படிக்காமலே எடுத்திருக்கான்னா அது என்ன காலேஜு? தராதரம் பாக்க வேண்டாமா? நாளைக்குக் கண்டவளையும் எடுப்பானே? நீ டாக்டர் ரூத் காலேஜுக்கே காத்திரு. அவிய எந்திச்சு நின்னவிய."

"மேடம், இது என் ஊருக்குப் பக்கத்துல. வேலைய விடாமப் படிக்கலாம். கெடைச்சதே பெருசு மேடம். நான் சேந்துட்டேன்."

சேந்துட்டாளாம். கேக்கல, சொல்லுதா. நான் போன வச்சுட்டேன். அதுக்கப்புறம் மூணு வாரம் நான் அவ போன எடுக்கல. சார்ஜ் இல்ல. மூணு வாரமுமான்னு கேக்காத, பழைய போனும்மா.

ஆனா எனக்கு ஒரு யோசனை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. டாக்டர் ரூத் காலேஜுல வெயிட்டிங் லிஸ்ட்ல பேச்சிக்குன்னு ஒரு எடம் இருந்துச்சுல்லா? அவ வேண்டாம்னுட்டா. அப்ப அது காலியாத்தான கெடக்கும்? நல்ல எடம். வீணாப் போகணுமா?

நானே எழுதிப் போட்டேன்.

சிரிக்காதம்மா. இருமலா, சரி. வயசு எவ்வளவு இருக்கணும்னு அங்க ஒண்ணும் போடல, நான் நல்லாப் பாத்துட்டேன். ஒரு கட்டுரை எழுதணும், ஏன் இந்தப் படிப்பப் படிக்க விரும்புதீங்கன்னு. "ஓர் இடம் காலியாக இருப்பதாக அறிந்தேன்"னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல என்ன எழுதன்னு பேனாவக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். அப்புறம் எழுத எழுத வந்துட்டு. முப்பத்தெட்டு வருசம் டாக்டர்மாரு எழுதுன மருந்த எடுத்துக் குடுத்தேன். ஏன் இந்த மருந்து, ஏன் அது இல்லன்னு சின்ன வயசுல ஒருத்தருகிட்டக் கேட்டேன். "சிஸ்டர், எழுதுனதக் குடுங்க"ன்னாரு. அதுக்கப்புறம் யாரையும் கேக்கல. ஏன்னு ஒரு தடவையாவது தெரிஞ்சா நல்லாருக்கும்னு எழுதுனேன். நிமிந்து பாத்தா, அடுப்புல சோறு பொங்கி வழிஞ்சு தரை வரைக்கும் வந்திருக்கு.

சிபாரிசுக்கு ஆள் பேரு கேட்டுது. எனக்கு மேல இருந்தவிய ஒருத்தரும் இப்ப உயிரோட இல்ல. கீழ இருந்தவளுகள்ல பொய் சொல்லாதவ யாரு? பேச்சி பேரப் போட்டேன்.

அன்னைக்கே போன் வந்துச்சு. சார்ஜ் இருந்துச்சு, எடுத்தேன்.

"மேடம், எனக்கு ஒரு மெயில் வந்திருக்கு"ன்னா.

"வரும்."

"உங்களோட குறைகள் என்னன்னு கேக்குது மேடம்."

"உள்ளத எழுது. எடம் பத்தாது, சுருக்கமா எழுது"ன்னேன்.

எழுதி அனுப்பிட்டா. என்ன எழுதினான்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. அதுதான முறை.

ஒரு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. மிசின் இல்ல, டாக்டர் ரூத்தே எழுதியிருந்தாவ. நாங்க அந்தக் காலத்துல படிச்சது டிப்ளமா, பேச்சி அங்க போயிப் பட்டம் வாங்கிக்கிட்டா. பட்டப்படிப்பு இல்லாதவங்களச் சேக்கச் சட்டத்துல வழியில்ல, மன்னிச்சுக்கோங்கன்னு. கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன்னு எழுதியிருந்தாவ. தன்மையான பதில். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பேச்சி மாதிரி பொசுக்குன்னு அழுற ஆளா நான்? அன்னைக்குன்னு பாத்து எனக்கு மூட்டு வலி வந்துட்டு, அதுதான். எந்திக்க முடியல. சுருண்டு படுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்கும் போகல. அண்ணாச்சி சேலையோட வந்து கதவத் தட்டிப் பாத்துட்டு, பயந்துபோயி பேச்சிக்குச் சொல்லிட்டாரு.

"எந்த மூட்டு மேடம்?"ன்னா பேச்சி, போன்ல.

"ரெண்டும்."

"வீக்கம் இருக்கா?"

"இல்ல."

"தொட்டா வலிக்கா? மடக்குனா?"

"இல்லட்டி."

"பின்ன எப்பத்தான் வலிக்கு?"

"அந்த மெயிலப் பாக்கும்போது."

வாய் தவறி வந்துட்டும்மா. அவ சிரிக்கல. எப்பவும் சிரிக்கிறவ, அன்னைக்குப் பாத்து சிரிக்கல. "மேடம், டிப்ளமா முடிச்சவங்களுக்கு பி.எஸ்சி. ரெண்டு வருசம்தான். மதுரையில ஒரு காலேஜு இருக்கு. பாக்கவா?"ன்னா.

நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். பி.எஸ்சி. ரெண்டு வருசம். அதுக்கு மேல அமெரிக்காவுல ஒரு நாலு. எழுபத்தஞ்சுக்குள்ள முடிச்சுரலாம். அப்புறம் ஒரு கிளினிக்கு. மூட்டு வலி அன்னைக்குச் சாயந்திரமே போயிட்டு.

காலேஜுக்குப் போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தாவ. பேரு, டிப்ளமா நம்பரெல்லாம் கேட்டாவ, வயசு கேக்கல. நான் எதுக்கு வலிய போயிச் சொல்லணும்? "இன்னைய தேதிக்கு நேர்ல வாங்க. கூடப் பெத்தவங்களோ கார்டியனோ கட்டாயம் வரணும்"னாவ.

"நானே வந்தாப் போதாதா?"ன்னேன்.

"அது ரூல்சும்மா. பொறுப்புக்கு ஒரு ஆளு கையெழுத்துப் போடணும்"னாவ. ரூல்சுன்னா ரூல்சு. நான் மீற மாட்டேன். ஆனா எனக்கு யாரு இருக்கா? அப்பா போயி முப்பது வருசமாச்சு. எனக்கு மூத்தவிய, எழுந்து நடமாடுறவிய யாருன்னு விரல விட்டுப் பாத்தேன்.

அங்க பாரு. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. வெள்ளச் சட்ட, மடிப்புக் கலையாம. தூங்கித் தூங்கி விழுதாரு பாரு, அவருதான். சுடலைமுத்து அண்ணாச்சி. என் கார்டியன்.

அவருக்குக் காலையில இருந்து ஒரே கவலை. "மேட்ரம்மா, அங்க என்னக் கேட்டா நான் என்ன சொல்லணும்?"னு. பிள்ளை நல்லாப் படிக்கும், நான் பொறுப்புன்னு சொல்லுங்க, அது போதும்னேன். பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கும்போதும் அதையே முணுமுணுத்துக்கிட்டு நின்னாரு. பாடம் பண்ணுதாரு.

வண்டியில ஏறுனதும் கண்டக்டர் வந்து, எங்க போகணும்னு அவரக் கேட்டாரு. மனுசன் எந்திச்சு நின்னு, கையக் கட்டிக்கிட்டு, "பிள்ளை நல்லாப் படிக்கும், நான் பொறுப்பு"ன்னுட்டாரு.

கண்டக்டர் அவரப் பாத்தாரு. அவரு கண்ணு காட்டுன பக்கம் என்னப் பாத்தாரு. ரெண்டு மதுரை டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டுப் போனாரு.